அகழ்ந்த நிலத்தில் மீண்டும் காடு: ஜரா வனம் கற்பிக்கும் பாடங்கள்

(புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேற்கு அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, நேரடியாகவோ மறைமுகமாகவோ சுரங்கத் தொழிலின் வருவாயைச் சார்ந்தே வாழ்கின்றன. ஒருவர் பொறியியலாளர், ஒருவர் கணக்காளர், மற்றொருவர் சுரங்கத்திற்குப் பொருள் அனுப்பும் நிறுவனத்தின் ஊழியர். ஆகவே சுரங்கத்தைப் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. தோண்டி எடுத்தபின் எஞ்சும் நிலத்திற்கு என்ன நேர்கிறது, அந்நிலத்திற்கு உரிய செடிகொடிகளை மீண்டும் அங்கே வாழவைக்க முடியுமா, முடியுமெனில் எவ்வளவு தூரம் என்பதே இன்றைய கேள்வி. இக்கேள்விக்கு விடை தேட உலகில் மிகுந்த அனுபவம் உள்ள இடங்களில் ஒன்று, பேர்த் நகரின் கிழக்கே ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. அதுவே டார்லிங் மலைத்தொடரின் ஜரா வனம். அங்கே கற்ற பாடம் மன்னாருக்கும் புல்மோட்டைக்கும் தேவைப்படும் பாடம் என்பதனாலேயே இத்தலைப்பு தெரிவுசெய்யப்பட்டது.

காடு என்பது மரம் மட்டுமன்று

ஜரா என்பது யூக்கலிப்டசு இனத்தைச் சேர்ந்த பெருமரம். பல நூறு ஆண்டுகள் வாழக்கூடியது. அதன் செந்நிற மரக்கட்டை நீரிலும் மண்ணிலும் எளிதில் உக்காதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரத் தெருக்களுக்குப் பதிக்கும் கட்டைகளாக இம்மரம் கப்பலேறிச் சென்றது. ஜராவுடன் சேர்ந்து வளரும் மற்றொரு பெருமரம் மரி. இவ்விரண்டுமே காட்டின் கூரை.

ஆனால் அக்காட்டின் செல்வம் கூரையில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. வட ஜரா வனத்தில் மட்டும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெருமரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஏனைய அனைத்தும் குறுஞ்செடிகள், புதர்கள், ஓர்க்கிட்டுகள், கோரைகள், கொடிகள், பால்கா என்று நூங்கார் மக்கள் அழைக்கும் புல்மரம் போன்றவை. அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 8,000 தாவர இனங்கள் உண்டு. அவற்றுள் ஏறக்குறைய பாதி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. உயிரினச் செறிவு மிக்கதும் அழிவின் விளிம்பில் நிற்பதுமான உலகப் பகதிகள் 25 என 2000ஆம் ஆண்டில் அறிவியலாளர் பட்டியலிட்டபோது, இத்தென்மேற்கு மூலையும் அதில் இடம்பெற்றது.

இந்த நிலம் நூங்கார் மக்களின் தாயகம். பல்லாயிரம் ஆண்டுகளாக ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, எந்தப் பருவத்தில் எங்கே தீ மூட்டலாம், எந்தக் கிழங்கை எப்போது அகழலாம் என்று அறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தென்மேற்கு நிலவுரிமை உடன்பாடு நடைமுறைக்கு வந்தது 2021 பெப்ரவரியில்தான். சுரங்கம் தொடங்கிய நாளில் அவர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை.

தோண்டும் முறை

ஜரா வனத்தின் கீழே, மேற்பரப்பிற்கு மிக அண்மையில், அலுமினியத்தின் மூலப்பொருளான பொக்சைற்று படிந்துள்ளது. 1963இல் அல்கோவா நிறுவனம் ஜராடேல் என்னுமிடத்தில் அகழ்வைத் தொடங்கியது. பின்னர் ஹன்ற்லி, வில்லோடேல் ஆகிய இடங்களுக்கும் அது விரிந்தது. இது நிலத்தடிச் சுரங்கமன்று. கனிமம் திட்டுத்திட்டாகக் கிடப்பதால், சில ஹெக்டேயர் அளவுள்ள குழிகள் காடெங்கும் பரந்து தோண்டப்படுகின்றன. ஒவ்வொரு குழியிலும் சராசரியாக நான்கைந்து மீற்றர் தடிப்புள்ள கனிமப்படை எடுக்கப்படுகிறது. 2000களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 550 ஹெக்டேயர் காடு இவ்வாறு திறக்கப்பட்டு, ஏறக்குறைய அதே அளவு நிலம் மீளச் சீரமைக்கப்பட்டும் வந்தது.

குழி ஆழமற்றது என்பது ஒரு வாய்ப்பு. கீழே களிமண் படை இருக்கிறது. மேலே அகற்றிய மண் அருகிலேயே இருக்கிறது. எனவே காட்டை மீட்பது இங்கே எளிது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது.

முதல் இருபது ஆண்டுகளின் தவறு

மீள்நடுகை 1966இல் தொடங்கியது. ஆனால் அப்போது நடப்பட்டவை ஜரா மரங்கள் அல்ல. பைன் மரங்களும், அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு யூக்கலிப்டசு வகைகளுமே நடப்பட்டன. இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜரா மரங்களை ஒரு கொடிய நோய் தாக்கிக்கொண்டிருந்தது. அந்நோயைத் தாங்கும் மரங்களை நட்டால் போதும் என எண்ணினர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் பச்சையாகவே தெரிந்தது. அருகே சென்று பார்த்தவருக்கு அது காடன்று, தோட்டம் என்பது விளங்கிற்று. உள்ளூர்ப் பறவைகளுக்கு வேண்டிய பூக்களும் விதைகளும் அங்கே அரிதாயின. கீழ்நிலைச் செடிகளின் பன்மை திரும்பவில்லை.

1988ஆம் ஆண்டு முதல் ஜரா, மரி ஆகிய உரிய மரங்களையே விதைப்பது என்ற முடிவு நடைமுறைக்கு வந்தது. இலக்கும் மாறியது. எத்தனை மரங்கள் என்பதற்குப் பதிலாக, அருகிலுள்ள தோண்டாத காட்டில் ஒரு குறித்த பரப்பில் எத்தனை தாவர இனங்கள் உண்டோ, அத்தனை இனங்கள் சீரமைத்த நிலத்திலும் முளைக்க வேண்டும் என்று அளவுகோல் வைக்கப்பட்டது. கேள்வியை மாற்றியபின்னரே உண்மையான ஆய்வு தொடங்கியது.

மேல்மண் என்னும் விதைக் களஞ்சியம்

அந்த ஆய்வு கண்ட முதல் உண்மை மிக எளியது. காட்டின் எதிர்காலம் மேல்மண்ணில் இருக்கிறது. மண்ணில் உறங்கும் விதைகளில் மிகப் பெரும்பாலானவை மேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் ஆழத்திற்குள்ளேயே கிடக்கின்றன. அந்த மெல்லிய படையை ஆழமான அடிமண்ணுடன் கலந்துவிட்டால், விதைகள் மேலே வரமுடியாத ஆழத்தில் புதையுண்டு மடிகின்றன. ஆகவே முதலில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் மேல்மண்ணைத் தனியே வழித்தெடுக்க வேண்டும். அதன் கீழுள்ள மண்ணை வேறாக எடுக்க வேண்டும். திருப்பி இடும்போது எடுத்த ஒழுங்கின் தலைகீழ் ஒழுங்கில் இடவேண்டும்.

அடுத்த உண்மை காலத்தைப் பற்றியது. வழித்தெடுத்த மேல்மண்ணைக் குவியலாக மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதிலுள்ள விதைகளில் பெரும்பகுதி கெட்டுப்போகிறது. குவியலின் உள்ளே ஈரமும் வெப்பமும் சேர்கின்றன; சில விதைகள் இருட்டில் முளைத்து மடிகின்றன; மற்றவை உக்குகின்றன. வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளும் நலிகின்றன. அதனால் ஓரிடத்தில் புதிதாக வழித்த மேல்மண்ணைக் குவிக்காமல், அகழ்வு முடிந்த மற்றொரு குழிக்கு நேரே கொண்டுசென்று பரப்பும் முறை வழக்கத்திற்கு வந்தது. இது கோடையில், மண் உலர்ந்திருக்கும்போது நடைபெற வேண்டும். இலையுதிர்கால மழை வருமுன்னரே எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, குழியின் அடித்தளம். பாரவூர்திகள் ஓடியோடி அத்தளம் கல்லாக இறுகிவிடுகிறது. ஜரா மரத்தின் வேர்கள் களிமண் படைகளை ஊடுருவி 40 மீற்றர் ஆழம்வரை இறங்கி நீர் தேடுபவை. இறுகிய தளத்தில் அவ்வேர் இறங்க வழியில்லை. ஆதலால் பெரிய புல்டோசரின் பின்னே பூட்டிய உழுபல்லால் ஒன்றரை மீற்றர் ஆழம்வரை தளத்தைக் கிழிக்கின்றனர். சரிவிற்குக் குறுக்காகச் சமவுயரக் கோட்டில் உழுவதனால் மழைநீர் ஓடி மண்ணை அரிப்பதும் தடுக்கப்படுகிறது. உழவர் குடியில் பிறந்த பெற்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வயல் உழவின் அதே நியாயந்தான் இங்கே பேரளவில் பயன்படுகிறது.

புகையின் மொழி

மேல்மண்ணைக் காத்தும் சில இனங்கள் திரும்பி வரவில்லை. விதை இருந்தது, மழை இருந்தது, முளை மட்டும் இல்லை. தீயோடு பழகிய நிலம் அது. அங்குள்ள பல செடிகளின் விதைகள், காட்டுத்தீ கடந்துபோனது என்ற அறிகுறி கிடைக்கும்வரை உறங்கிக்கொண்டே இருக்கும். வேல இனத்தைச் சேர்ந்த கடின ஓட்டு விதைகளுக்கு வெப்பம் வேண்டும். அவற்றைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தால் உறக்கம் கலையும். வேறு பல விதைகளுக்கோ வெப்பம் பயன்படவில்லை.

1990இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள், தீயின் வெப்பமல்ல, அதன் புகையே சில விதைகளை எழுப்புகிறது என்று காட்டினர். பேர்த் நகரின் கிங்ஸ் பார்க் தாவரவியற் பூங்காவின் அறிவியலாளர்கள் அதைத் தொடர்ந்து மேற்கு அவுஸ்திரேலியத் தாவரங்களில் சோதித்தனர். முன்பு எவ்வகையாலும் முளைக்காத பல இனங்கள் புகையூட்டியதும் முளைத்தன. புகையில் உள்ள ஆயிரக்கணக்கான சேர்மங்களில் எது இதைச் செய்கிறது என்ற தேடல் 2004இல் நிறைவுற்றது. மேற்கு அவுஸ்திரேலிய வேதியியலாளர்களும் தாவரவியலாளர்களும் இணைந்து அச்சேர்மத்தைக் கண்டறிந்தனர். மிகமிகச் சிறிய அளவிலேயே அது விதையை எழுப்பிவிடும். புகை என்னும் பொருள்படும் நூங்கார் சொல்லான ‘கரிக்’ என்பதிலிருந்து அச்சேர்ம வகைக்குக் கரிகின் எனப் பெயரிட்டனர். தமிழின் ‘கரி’ என்னும் சொல்லோடு அதன் ஒலி ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் தீயையும் நிலத்தையும் அறிந்திருந்த ஒரு தொல்குடியின் சொல் இன்று உலக அறிவியல் நூல்களில் நிலைபெற்றிருப்பதைத் தமிழ் இளையோர் கவனிக்க வேண்டும்.

இவற்றிற்கும் மசியாத சில இனங்கள் உண்டு. கோரை வகைகள் பல, தீக்குப்பின் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்ப்பவை. விதையை அரிதாகவே ஈனுபவை. அவற்றை ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு முறையில் பெருக்கி, மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் நடுகின்றனர். செலவு மிகுந்த வேலை அது. ஆனால் அந்தக் கோரைகள் இல்லாமல் காட்டுத்தரை நிறைவு பெறாது.

எருவும் நோயும்

ஊர்த் தோட்டத்தில் செடி தளர்ந்தால் எரு இடுவது வழக்கம். ஜரா வனத்தில் அந்த வழக்கமே கேடாயிற்று. உலகின் மிக ஏழ்மையான மண்களில் ஒன்று அது. பொசுபரசு அங்கே மிகக் குறைவு. அந்த வறுமைக்கேற்பவே அங்குள்ள செடிகள் தம் வேர்களை வடிவமைத்துக்கொண்டன. மிகையாகப் பொசுபரசு எருவை இட்டபோது வேல இனங்களும் களைகளும் விரைந்து மண்டி, மெதுவாக வளரும் அரிய செடிகளை நெருக்கின. பங்க்சியா குடும்பத்துச் செடிகள் சிலவற்றிற்கு அந்த எருவே நஞ்சாகும். ஆகவே எருவின் அளவைக் குறைக்க வேண்டும் என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. மரங்களை அளவுக்கு மிஞ்சி நெருக்கமாக விதைத்ததும் அவ்வாறே தவறாயிற்று. பேர்த் மக்களின் குடிநீர் அணைகள் பல இக்காட்டிலேயே உள்ளன. 1970களிலிருந்து தென்மேற்கில் மழை குறைந்துகொண்டே வருகிறது. நெருங்கி வளரும் இளமரங்கள் அந்நீரை மிகுதியாக உறிஞ்சிக்கொள்கின்றன.

முன்பு கூறிய நோயும் இன்னும் தீரவில்லை. இங்கே ‘டைபாக்’ என்று அழைக்கப்படும் அந்நோயைத் தருவது, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். பைற்றோப்தோரா சின்னமோமி என்பது அதன் பெயர். சுமாத்திராவில் கறுவா மரங்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதால் கறுவாவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. ஜரா மரங்கள் மடிவதற்கு இதுவே காரணம் என்பது 1960களின் நடுப்பகுதியிலேயே உறுதியாயிற்று. தென்மேற்கின் தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்நோய்க்கு இலக்காகக்கூடியவை. ஈர மண்ணோடு அது பரவுகிறது. வண்டிச் சில்லிலும் சப்பாத்தின் அடியிலும் ஒட்டிய சேறு போதும். அதனாலேயே சுரங்க வண்டிகள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லுமுன் கழுவப்படுகின்றன. காட்டுப் பாதைகளின் தொடக்கத்தில் காலணி துடைக்கும் தூரிகைகள் வைக்கப்பட்டிருப்பதையும் பலர் கண்டிருப்பர். கோயிலுக்குள் நுழையுமுன் கால் கழுவும் வழக்கமுள்ள மக்களுக்கு அந்தத் தூரிகையைப் பயன்படுத்த எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வெற்றியா, தோல்வியா?

இத்தனை முயற்சிகளுக்கும் பயன் கிடைத்தது. 1990இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ மதிப்புப் பட்டியலில் அந்நிறுவனம் இடம்பெற்றது. 2000களின் தொடக்கத்தில், சீரமைத்த ஓராண்டு சென்ற நிலத்தில் எண்ணிய தாவர இனங்களின் தொகை, தோண்டாத காட்டின் தொகையை எட்டியது என அறிவிக்கப்பட்டது. ஜராடேல் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது; சீரமைத்த நிலத்தின் ஒரு பகுதியை 2005இல் அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. ஓராண்டில் முளைத்த இனங்களின் எண்ணிக்கை ஒன்று. முப்பது ஆண்டுகளின் பின் அங்கே நிற்கும் காடு வேறொன்று. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சூழல் மீட்புக்கான அனைத்துலகத் தர அளவுகோலைக் கொண்டு இச்சீரமைப்பை மதிப்பிட்டு, ஐந்து விண்மீன்களில் இரண்டையே வழங்கியது. நிறுவனம் தன் பணியை முன்மாதிரி என்கிறது. சூழலியலாளர் பலர் அதை மறுக்கின்றனர். இருதரப்பிற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் எதை எண்ணுவது என்பதில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கறுப்புக் கொக்கற்றூ என்னும் பெருங்கிளிகள் இக்காட்டில் வாழ்கின்றன. அவற்றின் இனங்கள் அருகிவருகின்றன. சீரமைத்த நிலத்தில் வளர்ந்த இளமரங்களின் விதைகளை அவை உண்ண வருகின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவை கூடு அமைப்பது பெருமரங்களின் பொந்துகளில். அத்தகைய பொந்து உருவாக மரத்திற்கு இருநூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்கின்றன. 1966இல் நட்ட மரங்களுக்கு இன்று ஏறத்தாழ அறுபது வயது. பறவைக்கு உணவு திரும்பியது, வீடு திரும்பவில்லை. இன்று பிறக்கும் குழந்தையின் பேரப்பிள்ளைகளும் அந்த வீட்டைக் காணமாட்டார்கள். எத்துணைத் திறமையான அறிவியலாலும் காலத்தை உற்பத்தி செய்ய இயலாது.

மேற்கு அவுஸ்திரேலிய அரசு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இயற்கைக் காடுகளில் வணிக மரந்தறிப்பை நிறுத்தியது. பொக்சைற்று அகழ்விற்காகக் காடு அகற்றுவதோ தொடர்ந்தது. அகழ்வை விரிவாக்கும் திட்டங்கள் மீது 2025இல் கருத்துக் கோரப்பட்டபோது பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் எழுத்துமூலம் தம் கருத்தைத் தெரிவித்தனர். ஆங்கிலம் எழுதத் தெரிந்த, வாக்குரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்பதை நினைவூட்டுவது தகும்.

மன்னாரும் புல்மோட்டையும்

இனி, தாயகத்திற்கு வருதல் வேண்டும். தாயகத்து நிலமும் அகழப்பட்ட நிலமே. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போரினால் 1990இல் நின்றது. அதற்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த பெருங்குழிகள் இன்றும் அவ்வூரவர் கண்முன்னே கிடக்கின்றன. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில், இல்மனைற்று முதலிய கனிமங்கள் செறிந்த கருமணல் அரச நிறுவனத்தால் பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்டு வருகிறது. மன்னார்த் தீவிலோ, அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான ஒரு நிறுவனம் கனிம மணலைத் தேடித் துளையிட்டுவந்தது; தீவு மக்கள் அதை எதிர்த்துக் குரலெழுப்பினர். அவுஸ்திரேலியத் தமிழருக்கும் இவ்விடயத்திற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் நேரடியானது. அந்த நிறுவனத்தின் பங்குகள் விற்கப்படும் நாட்டில் அவர்கள் குடிமக்கள்.

மன்னார் ஜரா வனமன்று. அது தாழ்ந்த மணல் தீவு. மணலின் கீழே, உப்புநீரின் மேல், மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. கிணறுகள் அந்நீரையே நம்பியுள்ளன. அந்த மணலைப் பிடித்துவைத்திருப்பவை அங்குள்ள செடிகளே. கரையோரத்தில் அடம்பன்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைக் கட்டுகின்றன. அதன் பின்னே தாழையும், உள்ளே பனையும் முட்புதர்க் காடும் நிற்கின்றன. கரையோரக் கொடிகளை மீண்டும் வளர்ப்பது ஓரளவு எளிது. பனை அப்படியன்று. விதைத்த பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். பனையை நம்பி வாழும் குடும்பத்திற்கு அந்த இடைவெளியில் எவர் சோறு போடுவார்?

கனிம மணல் எடுத்த நிலத்தைச் சீரமைக்கும் அனுபவமும் மேற்கு அவுஸ்திரேலியாவிடம் உண்டு. பேர்த்திற்கு வடக்கே எனியாபா என்னுமிடத்தில் 1970களிலிருந்து கனிம மணல் அகழப்பட்டது. அங்குள்ள குறும்புதர்க் காட்டை முழுமையாக மீட்பது எவ்வளவு கடினம் என்பதைப் பல பத்தாண்டு உழைப்பு காட்டியிருக்கிறது. எளிது என்று எவரேனும் மன்னார் மக்களிடம் சொன்னால், அந்த நாட்டிலேயே அது எளிதாக இருக்கவில்லை என்று சொல்லப் புலம்பெயர்ந்தோரால் முடியும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஜரா வனத்தின் அறுபது ஆண்டு அனுபவத்தைச் சுருக்கினால் ஐந்து கேள்விகள் எஞ்சுகின்றன. இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்திலும் நிலத்தைச் சீர்செய்யும் கடப்பாடு உண்டு. ஆயினும் கடப்பாடு தாளில் இருப்பது போதாது.

முதலாவது, தோண்டுமுன் அங்கே என்னென்ன செடிகள் எவ்வளவு உள்ளன என்று எண்ணிப் பதிவுசெய்தார்களா? அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தரவேண்டும் என்பதே தெரியாது.

இரண்டாவது, மேல்மண்ணை எங்கே, எவ்வளவு காலம் வைப்பார்கள்? இக்கேள்விக்கு விடை இல்லாத திட்டத்தில் பசுமை பற்றிய வாக்குறுதிகள் அனைத்தும் வெறும் சொற்களே.

மூன்றாவது, அந்த மண்ணுக்குரிய விதைகளைச் சேர்ப்பவர் யார், நாற்று வளர்ப்பவர் யார்? வேகமாக வளரும் சவுக்கையோ வேறு அயல்மரத்தையோ வரிசையாக நட்டுப் பசுமை காட்டுவது, மேற்கு அவுஸ்திரேலியா 1988இல் கைவிட்ட தவறு. அந்த வேலைகள் ஊர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கிடைக்குமா என்பதும் இக்கேள்வியில் அடங்கும்.

நான்காவது, பணம் எங்கே? நிறுவனம் மறைந்துபோனாலும் நிலத்தைச் சீரமைக்கப் பணம் இருக்க வேண்டும். மேற்கு அவுஸ்திரேலியா இதற்கெனச் சுரங்கச் சீரமைப்பு நிதியம் ஒன்றை 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்து, சுரங்கங்களிடம் ஆண்டுக் கட்டணம் அறவிடுகிறது. அங்கும் அரசுடன் தனி உடன்படிக்கைச் சட்டத்தின்கீழ் இயங்கும் பெருஞ்சுரங்கங்கள் பொதுவாக அதற்கு வெளியே நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்க குறை.

ஐந்தாவது, நிலம் திரும்பிவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? அகழ்ந்தவரே மதிப்பெண்ணும் இட்டால் அது தேர்வாகாது. அந்நிலத்தில் வாழ்பவரும், பணம் பெறாத அறிவியலாளரும் அத்தீர்ப்பில் பங்கு பெற வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையெனில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு. விடைகள் அனைத்தும் இருந்தாலும் அவ்வுரிமை அவர்களுக்கு உண்டு. நன்றாகச் சீரமைப்போம் என்ற வாக்குறுதி, தோண்டுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. ஜரா வனத்தில் இன்று நடைபெறும் விவாதத்தின் சாரமும் இதுவே.

பெற்றோருக்கும் இளையோருக்கும்

இளையோர்களே, சூழல் மீட்பு என்பது இன்று ஒரு முழுமையான கல்வித்துறை. தாவரவியல், மண்ணியல், நீரியல், வேதியியல், சட்டம், தொல்குடியினர் உரிமை ஆகிய அனைத்தும் அங்கே சந்திக்கின்றன. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே உயர்ந்த துறைகள் என்ற எண்ணம் தமிழ் வீடுகளில் இன்னும் வலிமையாக இருக்கிறது. கரிகினைக் கண்டறிந்தவர்களும், கோரையை ஆய்வுகூடத்தில் பெருக்கியவர்களும் மருத்துவர்கள் அல்லர். தமிழ் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரு சூழலியலாளர் மன்னாரில் ஆற்றக்கூடிய பணியை, அம்மொழி அறியாத நூறு வல்லுநரால் ஆற்ற முடியாது. அடம்பன் எது, உமரி எது, தாழை எது என்று ஊர் மூதாட்டியிடம் கேட்டறிய அவருக்கே இயலும்.

பெற்றோர்களே, பிள்ளைகளை மாதத்தில் ஒரு ஞாயிறன்று அருகிலுள்ள காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவுஸ்திரேலியாவின் பல ஊர்களிலும் உள்ளூர்ச் செடி நடும் தன்னார்வக் குழுக்கள் உண்டு. அவை புதியவர்களை வரவேற்கின்றன. அங்கே களை பிடுங்கலாம், நாற்று நடலாம். அரச நிலத்தில் விதை சேர்ப்பதற்கு மட்டும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கூடவே, ஊரில் உங்கள் வீட்டு வேலியிலும் குளக்கட்டிலும் கடற்கரையிலும் நின்ற செடிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள். எந்தச் செடி எந்த இடத்தில் நின்றது, எப்போது பூத்தது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை எழுதுங்கள். போரினாலும் இடப்பெயர்வினாலும் பல ஊர்களுக்கு அத்தகைய பதிவே இல்லை. முதலாவது கேள்விக்கான விடையின் ஒரு பகுதி உங்கள் நினைவில் இருக்கிறது. அது உங்களோடு போய்விடுமுன் தாளில் ஏற வேண்டும்.

ஜரா வனத்தில் அறுபது ஆண்டுகளாக உழைத்தவர்கள் பல இனங்களை மீட்டனர். சிலவற்றை இன்னும் மீட்க முடியவில்லை. இன்னும் சிலவற்றை மீட்க இருநூறு ஆண்டுகள் வேண்டும் என்பதை அறிந்துகொண்டனர். அறிவும் பணமும் சட்டமும் உள்ள ஒரு நாட்டின் கணக்கு இது. மன்னாரின் மணலைத் தொடுமுன் இந்தக் கணக்கை அம்மக்கள் முன் வைப்பது, இந்நாட்டில் வாழும் தமிழரின் கடமை.